கணவாயில் விட்டுவந்த மனிதர்

பிளிமத், நியூ ஹாம்ஷயர்
12 அக்டோபர் 1993

கொலெட்டுக்கு,

நேற்று முழுவதும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நீதான் என்று தெரியும். எடுக்கவில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை. நான் கத்துவேன், நீ அதைவிடச் சத்தமாகக் கத்துவாய், கடைசியில் யார் முதலில் ஃபோனை வைத்தது என்பதுதான் மிஞ்சும். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

டெஸ்ஸின் ஸ்வெட்டர் என் பையோடு வந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாவம், உனக்கு மகளாகப் பிறந்ததைத் தவிர அந்தக் குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை.

சனிக்கிழமை நீ செய்ததை என் கையால் எழுதிக் காட்டுகிறேன், படித்துப் பார். கணவாயைத் தாண்டியதும், மலை பார்ப்பவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாய். உன் பக்கத்தில் முன்சீட்டில் இருந்த லைமன் இறங்கினார். எழுபது வயது மனிதர், முழங்கால் சரியில்லாதவர், நான் மணக்கப் போகிறவர். தடுப்புச் சுவர் வரைக்கும் போய், இலையெல்லாம் சிவந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெஸ்ஸும் இறங்கப் பார்த்தாள். நீ அவளை அதட்டி உட்கார வைத்தாய். தூறல் போடுகிறது, பிள்ளை நனைய வேண்டாம் என்று நினைக்கிறாய் போலும் என்றிருந்தேன். உடனே வண்டியை எடுத்துவிட்டாய்.

இன்னும் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தப் போகிறாய் என்றுதான் முதலில் தோன்றியது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நிறுத்து என்று கூப்பிடவில்லை. 'நான் இங்க இருக்கேன், மறந்துட்டீங்க' என்று சிரித்த முகமாகக் காட்டிக்கொண்டு நின்றார். மறந்துவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார்.

"கொலெட், அவரு ஏறலடி" என்றேன்.

"தெரியும்" என்றாய்.

அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதன்பிறகு கத்தினேன், உன் தோளில் அடித்தேன். உன் புருஷன் டேல் என் பக்கத்தில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே ஆற்றில் மூஸ் மான் ஒன்று நிற்கிறதென்று எல்லாரும் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அந்த மான் நன்றாக இருக்கட்டும். அதன் புண்ணியத்தில் நானும் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். என் பின்னால் நீ கூப்பிட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை.

மழையில் மேட்டைப் பார்த்து நடந்தேன். இலை பார்க்கப் பென்சில்வேனியாவிலிருந்து வந்த வயதானவர்களின் பேருந்து ஒன்று எதிரே வந்தது. அதற்குள்ளிருந்து யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். லைமன்தான். அவர் நனைந்து நிற்பதைப் பார்த்து ஏற்றிக்கொண்டார்களாம். கீழே கான்வே ஊரில் அவர்களோடு உட்கார்ந்து சிக்கன் பை சாப்பிட்டோம். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் காலுறையைக் கழற்றி வாங்கிச் சூட்டில் காயப் போட்டாள். நான் பெற்ற மகள் செய்ததை அவளிடம் எந்த வாயால் சொல்வது? வண்டி பழுதாகிவிட்டது என்றேன்.

எனக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். லைமனுக்கு எழுது. விலாசம் உனக்குத் தெரியும். பல் விழுந்த காலத்திலிருந்து அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவள்தானே நீ.

அம்மா


வூஸ்டர், மாசசூசெட்ஸ்
16 அக்டோபர்

அம்மா,

சிக்கன் பை நன்றாக இருந்ததா?

நீ அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று தெரியுமா? வண்டியைத் திருப்ப முடிந்த முதல் இடத்திலேயே திருப்பினேன். எதிர்ப்பக்கம் முழுக்க வண்டிகள். ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்தால் அங்கே அவரும் இல்லை, வழியில் நீயும் இல்லை. டேல் உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சாலையோரக் காட்டுக்குள் இறங்கினான். வனக்காவலரிடம் போனோம். "ஆத்துப் பக்கம் எறங்கிப் பாத்தீங்களா?" என்று டெஸ்ஸை வைத்துக்கொண்டே அந்த ஆள் கேட்டான். டெஸ் வாந்தி எடுத்தாள். இருட்டுகிறவரைக்கும் தேடிவிட்டு உன் வீட்டுக்கு வந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, கதவு பூட்டியிருக்கிறது. தட்டினேன். நீ விளக்கை அணைத்தாய். இதை ஏன் உன் கையால் எழுதிக் காட்டவில்லை?

நீ விட்டது இன்னும் இருக்கிறது. மலை ஏறுமுன் லிங்கனில் டோனட் வாங்க நிறுத்தினோமே, அதை எழுதவில்லை. உதட்டுச் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் விட்கம், அதாவது உன் லைமன், டேலிடம், அடுத்த மாதம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை வைத்திருக்கிறோம், நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள் என்கிறார். எதை வைத்திருக்கிறீர்கள் என்று டேல் கேட்கிறான். "ஏன், ஒடெட் சொல்லலியா?" என்கிறார் அவர். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நீ கடையின் விலைப்பலகையைப் படித்துக்கொண்டு நிற்கிறாய். என் அம்மாவின் கல்யாணச் செய்தி எனக்கு ஒரு பல் டாக்டரின் வாயிலிருந்து, டோனட் கடை வரிசையில் கிடைத்தது. அப்பாவைப் புதைத்தது பிப்ரவரியில். மண் இன்னும் இறுகவில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டுதான் மேலே வரை ஓட்டினேன். அவர் இறங்கும்போது பின்னால் கை நீட்டி உன்னிடமிருந்து ஒரு கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. அப்பாவின் கோட்டு. பிப்ரவரியில் அதை எனக்குத் தா என்று கேட்டேன். சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

தடுப்புச் சுவரருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது ஒரு கணம் அப்பாவே நின்றார், அம்மா. அதே தோள். அதே காலர். பிறகு திரும்பினார். அது அந்த ஆளின் முகமாக இருந்தது. அதற்குமேல் என் கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

அது அப்பாவின் சாலை. ஒவ்வொரு அக்டோபரும் தான் கார் விற்ற ஷோரூமிலிருந்து ஒரு புதுக் காரைக் கொண்டுவருவார். சீட்டில் பாலித்தீன் உறைகூடப் பிரித்திருக்காது. எந்த மரம் மேப்பிள், எது பிர்ச் என்று காட்டிக்கொண்டே, பாடிக்கொண்டே ஓட்டுவார். மடியில் வரைபடத்தோடு நீ முன்னால் இருப்பாய். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அவற்றைத்தான் எண்ணுவேன். அதற்குள் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாய்.

அவருக்கு எழுத மாட்டேன்.

கொலெட்


பிளிமத்
21 அக்டோபர்

கொலெட்டுக்கு,

கோட்டு விஷயத்தில் பொய் சொன்னேன். அது என் பெட்டியில்தான் இருந்தது. குளிரில் நடுங்கிய ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தேன். கதவைப் பூட்டியதும் உண்மை. நீங்கள் தேடுவீர்கள் என்று கான்வேயிலேயே தெரியும். தேடட்டும் என்றுதான் இருந்தேன். டெஸ் வாந்தி எடுத்ததற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். உனக்காக வருத்தப்படவில்லை.

அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்ததை நீ எழுதினாய். முன்சீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன்.

என் மடியில் வரைபடம் மட்டும் இருக்கவில்லை. அதற்கு அடியில் ஒரு காகிதப் பை இருக்கும். மலை வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது, உனக்கே தெரியும். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிவப்பையும் மஞ்சளையும் பார்க்காமல் என் முன்னால் இருந்த முன்பலகைப் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டு வருவேன். கொஞ்சம் நிறுத்துங்கள் என்றால் உன் அப்பாவுக்குப் பிடிக்காது. பின்னால் வருகிறவன் முந்திவிடுவான், ஏறுகிற வண்டியின் வேகம் கெடும். அதோடு வண்டி திங்கட்கிழமை காலை விற்பனைக்கு நிற்க வேண்டும், ஒரு கறை படக்கூடாது. அவர் பாடுவார். நீயும் சேர்ந்து பாடுவாய். எனக்குப் பாட வராது என்று இருவரும் கேலி செய்வீர்கள்.

அந்தச் சாலை திறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. உனக்கு ஐந்து வயது. வெளிர்பச்சைக் கார். கணவாய் ஏறும்போது நிறுத்தச் சொன்னேன். இருமுறை சொன்னேன். வரைபடத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவளுக்கு எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியுமா என்றார். என்னால் அடக்க முடியவில்லை. பையும் போதவில்லை. புதுக் காரின் தரைவிரிப்பில் எடுத்துவிட்டேன்.

அப்போது நிறுத்தினார். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். ரொம்ப அமைதியாகச் சொன்னார். "எறங்கு."

இறங்கினேன். போய்விட்டார்.

சர்ச்சுக்குப் போடுகிற செருப்போடு சாலையோரத்தில் நின்றேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது, வரிசையாக வண்டிகள் போயின. இலையை ரசிக்க இறங்கி நிற்கிறாள் என்று நினைத்து உள்ளிருந்தவர்கள் எனக்குக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு வண்டிக்கும் சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தார். கோபமெல்லாம் போய்ச் சிரித்துக்கொண்டு வந்தார். பின்னால் உன் வாய் முழுக்க மிட்டாய்ச் சிவப்பு. "பாத்தியா, அம்மாவக் கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் உன்னிடம். நீ கைதட்டினாய். நான் ஏறிக்கொண்டேன். அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அடுத்த அக்டோபரில் இன்னும் பெரிய பையாக எடுத்துவைத்துக்கொண்டேன்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. என்மேல் கை ஓங்கியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, உன்னைக் கண்ணுக்குள் வைத்திருந்தார். அந்தச் சாலையில் மட்டும் நான் அவருக்கு ஒரு மூட்டை.

செப்டம்பரில் லைமனோடு ஃபிரான்கோனியா மலைப் பக்கம் போனேன். வயிற்றைப் புரட்டுகிறது என்றேன். ஒரு பேச்சுப் பேசாமல் ஓரம் கட்டினார். நான் சரியாகும்வரை கல்லில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் இந்த மனிதரோடு இருக்கலாம் என்று முடிவு செய்தேன். உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உன் முகம் எப்படிப் போகும் என்று பயந்து தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

ஆனால் நீ வண்டியை எடுத்தபோது, கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தபோது, எனக்கு அது புதிதாக இல்லை. 'முதல் இடத்திலேயே திருப்பினேன்' என்று எழுதியிருக்கிறாய். அவரும்தான் திரும்பி வந்தார்.

அம்மா


வூஸ்டர்
25 அக்டோபர்

அம்மா,

செத்துப்போனவரால் பதில் எழுத முடியாது. அதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறாய்.

அப்பா அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு நினைவிருக்கும். இத்தனை வருடமாக வாய் திறக்காத கதை, நீ இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளும் நேரம் பார்த்து எங்கிருந்து வந்தது? அவரைக் கெட்டவராக்கினால் உனக்குச் சுலபமாகிவிடும். அவ்வளவுதான்.

நானும் கேட்கிறேன். ஜனவரி முழுக்க பாஸ்டன் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருந்தது? வேலையை விட்டு, டெஸ்ஸை விட்டு நான் இருந்தேன். நீ எங்கே இருந்தாய்? சாலையில் பனி என்றாய். அதே பனியில் டாக்டர் விட்கம் தினமும் காலையில் உன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததாக எதிர்வீட்டு ரீட்டா அப்போதே சொன்னாள். நான் அவளைத் திட்டினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். டெஸ்ஸும் வரமாட்டாள்.

கொலெட்


பிளிமத்
2 நவம்பர்

கொலெட்டுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய்.

லைமன் நேற்று வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றபடியே சொன்னார். "ஒடெட், உனக்கும் உன் பொண்ணுக்கும் நடுவுல நான் ஒரு கல்லு மாதிரி கெடக்க விரும்பல. இத விட்டுருவோம்."

உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. காட்ட வெட்கமாக இருந்தது. படித்த கையோடு அடுப்பில் போட்டேன். ஆனால் என் முகத்தில் படித்திருப்பார். முப்பது வருடம் அடுத்தவர் முகத்துக்குள் குனிந்து பார்த்து வேலை செய்தவர்.

ரீட்டா பார்த்தது உண்மை. தினமும் காலையில் வந்தார். மண்வெட்டியோடு வந்து வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். இந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு அள்ளினார், ரீட்டா வீட்டுக்கும் சேர்த்து. அந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டுப் படியைத் தாண்டி ஒருமுறைகூட உள்ளே வரவில்லை.

நான் ஏன் பாஸ்டனுக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பா வர வேண்டாம் என்றார். ஃபோனில் சொன்னார். "நீ வந்தா ஒண்ணும் பேசாம என்னையே பாத்துட்டு உக்காந்திருப்ப. எனக்கு அது வேணாம்." அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது. நீ அங்கே அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய், அது உனக்கும் அவருக்கும் நல்லதாக இருந்தது, இதைச் சொல்லிக் கெடுப்பானேன் என்று பனியின் மேல் பழியைப் போட்டேன்.

போதுமா? இனி எழுதாதே.

ஒடெட் கான்யோன்


வூஸ்டர்
8 நவம்பர்

அம்மா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். 'அம்மா' என்று போடாமல் முழுப்பெயரைப் போட்டிருக்கிறாய். வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டெஸ்ஸைப் பற்றி முதலில். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு காரில் ஏறுவதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன் என்கிறாள். உடற்பயிற்சி என்கிறாள். பதினொரு வயதுக்காரிக்கு என்ன உடற்பயிற்சி என்று நானும் விட்டிருந்தேன். போன வாரம் நல்ல மழை. ஏறு என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஏறினாள். கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என்னடி என்றதற்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு எம்மேல கோவம் வந்தா என்னையும் எறக்கி விட்டுருவியாம்மா?"

ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தியதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இறக்கிவிடத்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நினைவு வந்தது, அம்மா. தரைவிரிப்பு நினைவில்லை, நீ இறங்கியது நினைவில்லை. ஒரு கடை வாசல். அப்பா மிட்டாய் வாங்கித் தந்து என்னைக் காரின் முன்மூடிமேல் தூக்கி உட்கார வைக்கிறார். மூடி சூடாக இருக்கிறது. சிவப்புக் கார் வந்தால் சொல், எண்ணு என்கிறார். நான் எண்ணுகிறேன். அம்மா எங்கே என்று கேட்டேனோ என்னவோ, 'அம்மா ஒளிஞ்சிருக்கா, கொஞ்ச நேரம் ஒளியட்டும்' என்கிறார். அவர் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அது அப்படியொரு சந்தோஷம். அந்த நாளைத்தான் உனக்கு எழுதினேன் போலிருக்கிறது, சந்தோஷமான நாட்கள் என்று.

நீ பொய் சொன்னதாக எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ரீட்டா விஷயத்தில் எழுதியதையும்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. டோனட் கடை வரிசைக்காக இன்னும் கோபம்தான். கோட்டுக்காக இன்னும் கோபம். இப்போது அப்பாமேலும் கோபம். அவரிடம் போய்க் கத்த முடியாது என்பதால் அது எனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஏன் நீ அன்றைக்கே கத்தவில்லை? ஏன் அடுத்த வருடமும் ஏறி உட்கார்ந்தாய்? நீ பேசாமல் இருந்ததால்தானே எனக்கு அது விளையாட்டு என்று பதிந்தது?

சனிக்கிழமை பிளிமத்துக்கு வந்தேன். உன் தெருவுக்கு வரவில்லை. டாக்டர் விட்கம் வீட்டு முன்னால் நிறுத்தினேன். உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாருகோலை மரத்தில் சாய்த்தார். உங்களை அங்கே விட்டுவிட்டுப் போனது தெரிந்தேதான் செய்தேன், மறதியில்லை என்றேன். அது அவருக்குத் தெரியுமாம். பேருந்தில் ஏறின பிறகு புரிந்ததாம்.

"சின்ன வயசுல என் வெரல ரெண்டு தடவ கடிச்சிருக்க. அதுக்கு இது பரவால்ல" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவர் கைகளில் ஒட்டியிருந்த இலைத்தூளைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "என்னைய மலையில விட்டா நான் பஸ் புடிச்சு வந்துருவேன், கொலெட். ஆனா உங்கம்மா ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஜன்னல் பக்கம் பாக்குறா. பக்கத்துல உக்காந்துட்டு அதப் பாக்க என்னால முடியாது." உள்ளே வந்து காபி குடி என்றார். முடியவில்லை, வந்துவிட்டேன்.

அவர் மனதை மாற்ற என்னால் ஆகவில்லை. ஜெயித்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இது யாருக்கும் வேண்டாத ஜெயிப்பு.

நீ ஜன்னலைப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

கொலெட்


பிளிமத்
17 நவம்பர்

கொலெட்டுக்கு,

ஏன் கத்தவில்லை என்று கேட்டாய். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குள் நடந்தேன். பாத்திரத்தை எல்லாம் சத்தமாக வைத்தேன். உன்மேல் கோபம், கேட்டுவிட்டாளே என்று. பிறகு வேறு ஒருவர்மேல் கோபம் வந்தது, லைமன்மேல். மலையில் நின்றவர் அவர், அதனால் அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை என்று இருந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் விஷயத்தை அவரே முடிவு செய்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். இதற்கும் பேசாமல் இருந்தால் நான் என்ன ஜன்மம்?

என் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வண்டிச் சாவியைக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். ஒரு இடத்துக்குப் போக வேண்டும், ஏறுங்கள் என்றேன். உன் அப்பா தன் கார்களை என்னைத் தொட விட்டதில்லை, உனக்குத் தெரியும். கடைக்கும் சர்ச்சுக்கும் ஓட்டியதோடு சரி. மலைச்சாலையில் என் வாழ்நாளில் முதல் தடவை ஓட்டினேன்.

அங்கே இப்போது யாரும் இல்லை. ஒரு மரத்திலும் ஒரு இலை இல்லை. எல்லாம் சாம்பல் நிறம். இலை இருக்கும்போது மறைந்து கிடந்த ஆறும் பாறையும் பழைய மரம்வெட்டிகளின் பாதையும் கண்ணுக்குத் தெரிகின்றன. எனக்கு இதுதான் அழகாகப் பட்டது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். நாமே ஓட்டினால் வயிற்றைப் புரட்டுவதில்லை. அறுபத்தேழு வயதில் இது தெரிகிறது எனக்கு.

ஓட்டிக்கொண்டே பேசினேன். நடுவில் இறங்கிப் போக அவரால் முடியாதே. எல்லாவற்றையும் சொன்னேன். வெளிர்பச்சைக் காரைச் சொன்னேன், கையசைத்ததைச் சொன்னேன், பாஸ்டன் ஃபோனைச் சொன்னேன். பிறகு கத்தினேன். கொலெட், நான் கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

"அவ உங்கள ரோட்டுல விட்டுட்டுப் போனா, திரும்பியாவது வந்தா. நீங்க என்னைய என் அடுப்படியிலயே விட்டுட்டுப் போனீங்க, திரும்பிக்கூடப் பாக்கல. உங்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் வளைவில் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் மெதுவாப் போ, ஒடெட்" என்றார். போக மாட்டேன் என்றேன். கணவாய் தாண்டி, இறக்கம் தாண்டி, கான்வே வரைக்கும் அதே வேகத்தில் ஓட்டினேன். ஊருக்குள் வந்ததும் நகராட்சி அலுவலகத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். எதற்கு என்றேன். "கல்யாணத்துக்குப் பதியணும்னா ரெண்டு பேரும் நேர்ல வரணும். கூட வர்றியா, இல்ல இன்னும் கத்தணுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது. கத்திவிட்டு இறங்கினேன்.

முதலில் சொன்ன சனிக்கிழமையேதான். தேங்க்ஸ்கிவிங் முடிந்த மூன்றாம் நாள்... இல்லை, இரண்டாம் நாள். எனக்கு எண்ணவும் வரவில்லை. காலை பதினொரு மணிக்கு, இங்கே நகர மன்றத்தில். சர்ச் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டோம். சாப்பாடு நம் வீட்டில்.

டெஸ் கேட்டதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவளை அணைத்துச் சமாதானம் சொல்வது போதாது. நீ கோபப்படு, அவள் எதிரிலேயே கோபப்படு, கத்து. கத்தி முடித்த பிறகும் நீ அங்கேயே நிற்பதை அவள் பார்க்கட்டும். நான் உனக்கு அதைக் காட்டவில்லை. கத்தாமலே இருந்து, பிறகு கதவையும் பூட்டினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. நீயும் என்னை மன்னிக்கவில்லை என்று தெரிகிறது. அது வரும்போது வரட்டும். அதற்காகக் காத்திருக்காதே. வெள்ளிக்கிழமையே மூன்று பேரும் வந்துவிடுங்கள். வந்து, சமையலறையில் எனக்கு எதிரே நின்று, டோனட் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் கத்து. நானும் கத்துவேன். பண்டிகை வான்கோழி மிச்சம் நிறைய இருக்கும்.

அம்மா